கழுவக் கழுவச் சாகும் தொட்டி

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் அடுக்ககத்து மொட்டைமாடிக்குப் போனால் பெரும்பாலும் இந்தக் காட்சி இருக்கும். இரண்டடிக் கண்ணாடித் தொட்டி ஒன்று கவிழ்ந்து கிடக்கும். பழைய செய்தித்தாளில் கூழாங்கற்கள் வெயில் காயும். ஃபில்டரின் ஸ்பாஞ்சு, சோப்புப் போட்டு அலசப்பட்டு, துணிக்கொடியில் கிளிப் மாட்டித் தொங்கும். மீன்கள் கீழே யார் வீட்டுக் குளியலறையிலோ பெயின்ட் வாளிக்குள் மேலே வந்து வந்து வாய் திறந்துகொண்டிருக்கும். மாலைக்குள் தொட்டி வரவேற்பறைக்குத் திரும்பிவிடும். கண்ணாடி பளபளக்கும், தண்ணீர் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். புதன்கிழமை ஒரு மோலி மிதக்கும். வெள்ளிக்குள் இன்னும் மூன்று. "எல்லாத் தண்ணியும் மாத்தினேன் சார், அப்படியும் செத்துப்போச்சு" என்பார் வீட்டுக்காரர், லிஃப்டில் பார்க்கும்போது.

அந்த 'அப்படியும்' என்ற சொல்லில்தான் கோளாறு. அங்கே வரவேண்டியது 'அதனால்'.

நானும் அதே மொட்டைமாடியில் கல் காயவைத்தவன்தான். 12 மீன்களில் 9 மீன்களை ஒரே வாரத்தில் தொலைத்த பிறகுதான் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினேன். நோயுற்ற வீட்டுத் தொட்டியை எப்படி மீட்பது என்பதற்கு மீன் கடைக்காரர் ஒரு பதில் வைத்திருக்கிறார், பழைய கையேடுகள் வேறொன்று சொல்கின்றன, நுண்ணுயிரியலாளர்கள் மூன்றாவதாக ஒன்றைச் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் படித்து, சிலவற்றைச் சொந்தத் தொட்டியில் செய்தும் பார்த்தபின் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. வீட்டுத் தொட்டிகளை அழுக்கு கொல்வதைவிட அவசரச் சுத்தம் கொல்வது அதிகம்.

கதை 1849-இல் தொடங்குகிறது. லண்டன் மருந்தாளர் கழகத்தில் வேதியியலாளராக இருந்த ராபர்ட் வாரிங்டன் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியையும் விட்டார். செடி விடும் ஆக்சிஜனை மீன் சுவாசிக்கும், மீன் விடும் கரியமிலவாயுவைச் செடி எடுத்துக்கொள்ளும், தண்ணீரை மாற்றவே வேண்டாம் என்பது அவர் கணக்கு. கொஞ்ச நாளில் செடியின் பழைய இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது. கண்ணாடியில் பாசி படர்ந்தது. வாரிங்டன் பாத்திரத்தைக் கவிழ்க்கவில்லை. குளத்து நத்தைகள் சிலவற்றை உள்ளே விட்டார். அவை அழுகிய இலையைத் தின்றன, பாசியைச் சுரண்டின. நத்தை முட்டைகள் மீன்களுக்குத் தீனியாயின. தண்ணீர் தெளிந்தது. இதை 1850-இல் அவர் எழுதி வெளியிட்டார். ஃபிலிப் ஹென்றி காஸ் 'அக்வேரியம்' என்ற பெயரில் நூல் எழுதி அந்தச் சொல்லைப் பரப்பியது அதற்குப் பிறகு, 1854-இல். ஆக, மீன் தொட்டிக் கலையின் முதல் பாடமே கெட்டுப்போன தொட்டி ஒன்றைக் கவிழ்க்காமல் மீட்ட கதைதான். அந்தப் பாடம் எப்படியோ நம் மொட்டைமாடிகளுக்கு வந்துசேரவில்லை.

வாரிங்டனுக்குப் பலித்தது, அவர் சொன்ன காரணத்தில்தான் பாதி பிசகு. ஆக்சிஜனும் கரியமிலவாயுவும் சரியாக இருந்தால் போதும் என்ற 'சமநிலைத் தொட்டி' எண்ணம் நூறு ஆண்டுக்கு மேல் கையேடுகளை ஆண்டது. காற்றுப் பரிமாற்றத்தில் பெரும்பகுதி தண்ணீரின் மேற்பரப்பிலேயே நடக்கிறது. அலை கொஞ்சம் எழும்பினால் அந்த வேலை முடிந்துவிடும். மீனைக் கொல்வது வேறு: அதன் செவுளிலிருந்தே ஓயாமல் கசியும் அம்மோனியா. மீதமான தீனி, மலம், அழுகிய இலை எல்லாமும் கடைசியில் அம்மோனியாவாகத்தான் வந்து நிற்கின்றன.

ஒரு சின்னக் கணக்கு. கடையில் விற்கும் குருணைத் தீனியில் 40 விழுக்காடு புரதம் என்று வைத்துக்கொள்வோம். புரதத்தில் ஏறத்தாழ 16 விழுக்காடு நைட்ரஜன். ஒரு கிராம் தீனியில் அப்படியானால் 64 மில்லிகிராம் நைட்ரஜன். அதில் பாதி அம்மோனியாவாக வெளியேறினால்கூட, 50 லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு 0.6 மில்லிகிராமுக்கு மேல் சேர்கிறது. இது ஒரே ஒரு நாளில், ஒரே ஒரு கிராம் தீனியால். வீட்டுக்கு வரும் குழந்தைகள் ஆளுக்கு ஒரு சிட்டிகை போட்டால் என்ன ஆகும் என்று நீங்களே கூட்டிக்கொள்ளலாம்.

இந்த அம்மோனியாவை மீனுக்குத் தெரியாமல் கரைத்துவிடுகிற குடித்தனக்காரர்கள் உள்ளே இருக்கிறார்கள். சில பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், வேறு சில அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட் கொடியது, நைட்ரேட் சாது. 1890 வாக்கில் செர்கெய் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் மண்ணிலிருந்து இந்த நுண்ணுயிர்களைப் பிரித்துக் காட்டினார். நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் என்ற இரண்டு பெயர்களை அதன்பிறகு எல்லாக் கையேடுகளும் ஒப்பித்தன. 1998-இல் டிமோத்தி ஹோவனெக்கும் அவர் குழுவினரும் நன்னீர்த் தொட்டிகளை ஆராய்ந்தபோது, இரண்டாம் வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் அல்ல, நைட்ரோஸ்பைரா என்று தெரிந்தது. 2005-இல் சியாட்டில் நகர மீன்காட்சியகத்தின் தொட்டி ஒன்றிலிருந்து, பாக்டீரியாவே அல்லாத ஆர்க்கியா வகை உயிர் ஒன்று அம்மோனியாவை உண்டு வாழ்வதைக் கண்டுபிடித்தார்கள். 2015-இல் இன்னொரு திருப்பம். அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை முழு வேலையையும் தனியாளாகச் செய்யும் நைட்ரோஸ்பைரா வகைகள் உண்டு என்று இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஒரே நேரத்தில் அறிவித்தன. அவற்றில் ஒரு குழுவுக்கு அது அகப்பட்டது மீன் வளர்ப்புத் தொட்டிக்கான வடிகட்டியில். 125 ஆண்டு நுண்ணுயிரியல் திரும்பத் திரும்ப வந்து நின்ற இடம், நாம் சோப்புப் போட்டு அலசுகிற அந்த ஸ்பாஞ்சுதான்.

இவர்கள் நீந்தித் திரிவதில்லை. கல், ஸ்பாஞ்சு, கண்ணாடி, செடித்தண்டு என்று ஒட்டிக்கொண்டு வழவழப்பான படலமாக வாழ்கிறார்கள். வளர்ச்சியோ ஆமை வேகம். கெட்டுப்போன சோற்றில் பெருகும் பாக்டீரியா அரைமணிக்கொருமுறை இரட்டிக்கும்; இவை நல்ல நிலைமையிலேயே அரைநாள், ஒருநாள், சில நேரம் அதற்கு மேலும் எடுத்துக்கொள்ளும். புதுத் தொட்டி பழக 4 முதல் 6 வாரம் ஆகும் என்பது இதனால்தான். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர், வெயில், சோப்பு மூன்றும் ஒரே காலையில் அந்தப் படலத்தை அழித்துவிடும். மாலையில் நாம் பார்க்கும் பளபளப்பான தொட்டிக்குள் எல்லா மீன்களும் திரும்பியிருக்கும். அவற்றின் கழிவைத் தின்ன ஆள் இருக்காது.

நோயுற்ற தொட்டி என்று எதைச் சொல்வது? பச்சைத் தண்ணீரைப் பார்த்துப் பதறுகிறவர்கள் அதிகம். அது மிதக்கும் பாசி. வெளிச்சம் கூடிப்போனதற்கும் உரம் மிஞ்சியதற்கும் அறிகுறி. கண்ணுக்கு அசிங்கமே தவிர, மீனுக்கு அநேகமாக ஆபத்தில்லை. சன்னலோரம் இருக்கும் தொட்டிக்குத் திரை போட்டு, விளக்கை 6 மணி நேரத்துக்குக் குறைத்தால் பாதி தீரும். பால் கலந்ததுபோல் வெளுத்த தண்ணீர் இன்னொரு ரகம். அழுகல் தின்னும் பாக்டீரியாக்களின் திடீர்ப் பெருக்கம் அது. தீனியை நிறுத்திக் காற்றைக் கூட்டினால் சில நாளில் தெளியும். தண்ணீரை முழுக்க மாற்றினால் மறுபடி வெளுக்கும்.

நான் பயப்படுவது தெளிந்த தண்ணீருக்கு. அம்மோனியாவுக்கும் நைட்ரைட்டுக்கும் நிறம் கிடையாது. ஆகவே தண்ணீரை விட்டுவிட்டு மீனைப் பார்க்க வேண்டும், அதிலும் விடியற்காலையில், விளக்குப் போடுமுன். இரவெல்லாம் செடியும் பாசியும்கூட ஆக்சிஜனைத்தான் எடுக்கின்றன. 20 பாகைத் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 பாகையில் ஏழரைதான். மே மாதச் சென்னையில் தொட்டித் தண்ணீர் 32-ஐத் தொடும். எல்லா மீனும் ஐந்தரை மணிக்கு மேற்பரப்பில் வாய் வைத்திருந்து, ஒன்பது மணிக்குள் கீழே இறங்கிவிட்டால் குறை காற்றில். நாள் முழுக்க அங்கேயே நின்றால், செவுள் சிவந்தோ பழுப்பேறியோ இருந்தால், குறை வேறு. நைட்ரைட் இரத்தத்தில் புகுந்தால் அது ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் பழுப்பாகிவிடும். காற்று மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், மீன் மூச்சுத் திணறிக்கொண்டே இருக்கும்.

மூக்கும் ஒரு கருவி. நல்ல தொட்டி மழைக்குப் பிந்தைய மண்போல லேசாக மணக்கும். அழுகிய முட்டை வாடை வந்தால் கல்லுக்கடியில் காற்றில்லாத சேறு கட்டியிருக்கிறது என்று பொருள். அந்த இடத்தை ஒரேயடியாகக் கிளறக் கூடாது.

இனி நான் அதிகம் சொல்ல விரும்பும் இடம், தண்ணீர். வெளிநாட்டுக் கையேடுகள் 'குழாய்த் தண்ணீர்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றன. சென்னையில் ஒரே வீட்டில் மூன்று தண்ணீர் உண்டு: மெட்ரோ தண்ணீர், போர் தண்ணீர், கேன் தண்ணீர். மூன்றும் மூன்று விதமாகத் தொட்டியைக் கெடுக்கும்.

மெட்ரோ தண்ணீரில் குளோரின். ஒருநாள் வாளியில் பிடித்துவைத்துக் காற்றுக்கல் போட்டால் பெரும்பாலும் பறந்துவிடும். அவசரமென்றால் கடையில் 'ஆன்ட்டி குளோரின்' என்று கேட்டால் படிகமாகவோ சொட்டு மருந்தாகவோ கொடுப்பார்கள். படிகம் பெரும்பாலும் சோடியம் தயோசல்ஃபேட். இது எளிதில் தீரும் சிக்கல்.

போர் தண்ணீர் கடினம். தொட்டியின் நீர்மட்டக் கோட்டில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான். ஆவியாகிக் குறைந்த அளவுக்கு மேலே ஊற்றிக்கொண்டே வந்தால் நீர் மட்டும் பறக்கும், உப்பு மிஞ்சும். ஓராண்டில் அந்தத் தொட்டியின் தண்ணீர் போரில் வந்த தண்ணீராக இருக்காது. பழைய மீன்கள் மெல்ல மெல்லப் பழகியிருக்கும். கடையிலிருந்து வரும் புது மீன் இரண்டாம் நாள் செத்துப்போகும். 'நம்ம வீட்டுக்கு மீன் ராசியில்லை' என்று சொல்கிற வீடுகளில் பாதி இந்த ரகம்.

கேன் தண்ணீர் கதைதான் பரிதாபமானது. மீனின் மேல் பிரியம் அதிகமுள்ளவர்களே இதை ஊற்றுகிறார்கள். நாம் குடிப்பதையே அதற்கும் கொடுப்போம் என்ற நல்ல மனசு. ஆனால் அந்தத் தண்ணீரில் கார்பனேட் சத்து கிட்டத்தட்ட இல்லை. அம்மோனியாவைத் தின்னும் நுண்ணுயிர்கள் வேலை செய்யும்போது அமிலம் வெளிவருகிறது. ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற ஏறத்தாழ 7 மில்லிகிராம் காரத்தன்மை செலவாகிறது. போர் தண்ணீரில் அந்தக் கையிருப்பு தாராளம். கேன் தண்ணீரில் சில வாரத்தில் காலி. பிஎச் 7-லிருந்து 6-க்கு, அதற்கும் கீழே சறுக்கும். அந்த அமிலத்தில் நுண்ணுயிர்களே வேலை நிறுத்தம் செய்துவிடும். அம்மோனியா ஏறத் தொடங்கும்.

ஆச்சரியம் என்னவென்றால், மீன் அப்போதும் சாகாது. அமிலத் தண்ணீரில் அம்மோனியா பெரும்பாலும் அம்மோனியம் என்ற தீங்கு குறைந்த வடிவில் இருக்கும். தொட்டி மந்தமாக, மஞ்சளாக, ஒருவிதமான முதுமையில் நிற்கும். விருந்தாளி வருகிறார் என்று வீட்டுக்காரர் ஒருநாள் பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுப் போர் தண்ணீரை நிரப்புவார். மறுநாள் பேரிழப்பு.

காகிதத்தில் போட்டுப் பார்ப்போம். பழைய தண்ணீர் 30 பாகை, பிஎச் 6, மொத்த அம்மோனியா லிட்டருக்கு 4 மில்லிகிராம். இதில் நச்சு வடிவம் சுமார் 0.003 மில்லிகிராம். பாதியை மாற்றிய பிறகு மொத்த அம்மோனியா 2 மில்லிகிராமாகக் குறைகிறது, நல்லதுதான். ஆனால் புதுத் தண்ணீரின் காரத்தால் பிஎச் 7.8-க்கு ஏறினால் நச்சு வடிவம் சுமார் 0.1 மில்லிகிராம். அழுக்கு பாதியாகியது, நஞ்சு முப்பது மடங்காகியது. என் மொட்டைமாடி ஞாயிறு இப்படித்தான் முடிந்தது என்று இன்று நினைக்கிறேன். அன்று என்னிடம் பிஎச் பார்க்கும் திரவம்கூட இல்லை. கடைக்காரரிடம் போய் மீன் சரியில்லை என்று சண்டை போட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு நீல மருந்து ஒரு புட்டி விற்றார்.

எவ்வளவு தண்ணீரை மாற்றுவது என்ற பழைய சச்சரவுக்கும் இதிலேயே விடை கிடைக்கிறது. வாராவாரம் பாதி என்று ஒரு கட்சி, பத்தில் ஒன்று போதும் என்று இன்னொன்று. ஒழுங்காக மாற்றப்பட்டு வரும் தொட்டியில் பழைய தண்ணீரும் புதுத் தண்ணீரும் ஏறத்தாழ ஒன்று. அங்கே பாதி மாற்றினாலும் ஒன்றும் ஆகாது. மாதக்கணக்கில் கைவிடப்பட்ட தொட்டியில் பாதி என்பது விஷப்பரீட்சை. அங்கே நாளுக்குப் பத்தில் ஒரு பங்கு, இரண்டு வாரம். முதல் வாளிக்கு முன்னால் தொட்டித் தண்ணீர், புதுத் தண்ணீர் இரண்டின் பிஎச்சையும் பார்த்துவிட வேண்டும். வித்தியாசம் ஒன்றுக்குள் இருந்தால் தைரியமாகப் போகலாம். ஒன்றுக்கு மேல் போனால் வாளிக்குப் பதில் செம்பு.

ஃபில்டரைப் பற்றி இரண்டு கட்சி கிடையாது. சைஃபன் ட்யூப் வழியாக வாளியில் இறங்கிய தொட்டித் தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை நாலு பிழி பிழிய வேண்டும். கரும்பழுப்பில், காப்பி டிகாக்‌ஷன் போல ஒரு சாறு இறங்கும். முதல் பிழிவில் கெட்டி, இரண்டாவதில் இளகல், நான்காவதில் தேநீர் நிறம். அங்கே நிறுத்திவிட வேண்டும். வெள்ளைவெளேரென்று வரும்வரை பிழிந்தால் மறுபடி முதல் வாரத்துக்குப் போய்விடுவோம். அந்தச் சாற்றைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், கறிவேப்பிலைச் செடி குடிக்கும். ட்யூபை வாயால் உறிஞ்சித் தொடங்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். கையில் வெட்டுக்காயத்தோடு தொட்டிக்குள் கைவிடுவதும் கூடாது. 1926-இல் ஃபிலடெல்ஃபியா மீன்காட்சியகத்து மீன்களில் அடையாளம் காணப்பட்ட மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற கிருமி, காயம் வழியாகப் புகுந்து விரலில் ஆறாத முடிச்சுகளை உண்டாக்கும். அபூர்வம்தான், ஆனால் மருத்துவரிடம் மீன் தொட்டி இருப்பதைச் சொல்லாததால் மாதக்கணக்கில் இழுக்கும் நோய் அது.

மின்வெட்டு இன்னொரு ஆபத்து. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. ஓடாமல் நின்ற ஃபில்டருக்குள் சில மணி நேரத்தில் ஆக்சிஜன் தீர்ந்து அழுகல் தொடங்கிவிடும். மின்சாரம் வந்ததும் மகிழ்ச்சியில் சுவிட்சைப் போட்டால் அந்த அழுகல் முழுவதும் தொட்டிக்குள் பீய்ச்சும். முதலில் கழற்றி, உள்ளிருக்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் போட வேண்டும். பேட்டரியில் ஓடும் சின்னக் காற்று மோட்டார் ஒன்றை வீட்டில் வைத்திருப்பது, விலை உயர்ந்த மீன் வாங்குவதைவிட முக்கியம் என்பேன்.

இனி புட்டிகள். கொளத்தூர்ப் பக்கம் மீன் கடைகள் வரிசையாக நிற்கும் தெருக்களில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் கல்லாவுக்குப் பின்னால் நீலம், பச்சை, மஞ்சள் என்று புட்டி அடுக்கு. வியாதியைச் சொல்லி முடிக்கும் முன் ஒன்று கைக்கு வந்துவிடும். நீலம் என்பது மெத்திலீன் ப்ளூ. பூஞ்சைக்கும் முட்டைக்கும் நல்லது. ஆனால் தொட்டியில் நேராக ஊற்றினால் நைட்ரஜனைக் கையாளும் நுண்ணுயிர்களையும் அது அடக்கும், ஸ்பாஞ்சு நிரந்தரமாக நீலமாகும். தனி வாளியில் போட்டு மீனை அங்கே மாற்றுவதே முறை. தாமிரம் கலந்த மருந்து நத்தையையும் இறாலையும் கொன்றுவிடும்.

வெள்ளைப்புள்ளி நோய் மட்டும் மருந்தைத் தவிர்க்க முடியாத இடம் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். இக்தியோஃப்தீரியஸ் என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணி அது. மீனின் தோலுக்கடியில் ரவைபோல் தெரியும்போது எந்த மருந்தும் அதைத் தொடாது. முதிர்ந்து உதிர்ந்து, கல்லில் உறைகட்டி, உள்ளே நூற்றுக்கணக்காகப் பிரிந்து, மீனைத் தேடி நீந்தி வருகிறதே, அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் மாட்டும். அதனால்தான் புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்துகிறவர்களின் தொட்டியில் அடுத்த வாரம் இரட்டிப்பாகத் திரும்புகிறது. தண்ணீர் சூடாக இருந்தால் அதன் சுழற்சி வேகமாகும், 30 பாகைக்கு மேல் பெரும்பாலான வகைகள் பெருக முடியாது. எங்கள் வீட்டில் இது கார்த்திகை, மார்கழியில்தான் வரும், மழை பெய்து ராத்திரியோடு ராத்திரியாகத் தண்ணீர் குளிரும்போது. ஒரு சின்ன ஹீட்டரும் கூடுதல் காற்றும் சேர்ந்து, இருமுறை எனக்கு மருந்துச் செலவைக் காப்பாற்றின. சூடு ஏற ஏற ஆக்சிஜன் குறையும் என்பதால் காற்றை மறக்கக் கூடாது.

கல்லுப்பு மலிவானது, மரியாதையில்லாமல் நடத்தப்படுவது. லிட்டருக்கு ஒரு கிராம் போட்டாலே அதிலுள்ள குளோரைடு, செவுள் வழியாக நைட்ரைட் நுழைவதைப் பெருமளவு தடுக்கும். இது ஆய்வில் நிலைநின்ற செய்தி, பாட்டி வைத்தியம் இல்லை. அதற்காக மாதாமாதம் போட்டால் செடி கருகும், உப்பு ஏறிக்கொண்டே போகும்.

பாக்டீரியா புட்டிகளைப் பற்றி எனக்கு அரை நம்பிக்கைதான். தொட்டியில் நிலைக்காத வகைகளை அடைத்து விற்ற காலம் ஒன்று இருந்தது. ஹோவனெக்கின் ஆய்வுக்குப் பிறகு சில நிறுவனங்கள் சரியான வகைகளை அடைக்கின்றன. ஆனால் கடையின் வெயில் படும் அலமாரியில் ஏப்ரல், மே கடந்த ஒரு புட்டிக்குள் எது உயிரோடு இருக்கும்? நோயில்லாத நண்பர் வீட்டுத் தொட்டியின் ஸ்பாஞ்சைப் பிழிந்த ஒரு டம்ளர் பழுப்புச் சாறு அதைவிட நம்பகமானது. உறை மோர் வாங்குவதுபோல வாங்கிக்கொள்ளலாம்.

செடிகள் விஷயத்தில் வாரிங்டன் வேறு வழியாக வெற்றிபெற்றுவிட்டார். 1999-இல் டயானா வால்ஸ்டாட் என்ற அமெரிக்க நுண்ணுயிரியலாளர் எழுதிய செடித்தொட்டி நூல், நீர்ச்செடிகளில் பல நைட்ரேட்டைவிட அம்மோனியத்தையே முதலில் எடுக்கும் என்பதை ஆய்வுகளிலிருந்து திரட்டிக் காட்டியது. அப்படியானால் செடி வெறும் அலங்காரமில்லை, தானே ஒரு ஃபில்டர். அடியில் சாதாரணத் தோட்டமண், மேலே மெல்லிய மணல், நிறையச் செடி, குறைவான மீன் என்பது அவர் வழி. ஜப்பானின் தகாஷி அமானோ இன்னொரு கோடியில் நின்றார். அவருடைய தொட்டிகள் ஓவியம், கூடவே கரியமிலவாயு உருளை, உரம், கத்தரிக்கோல் எல்லாம் உண்டு. நோயுற்ற தொட்டியை மீட்க அமானோவின் வழி வேண்டாம். பணமும் நேரமும் இருப்பவர்கள் பிறகு போகலாம். ஹைட்ரில்லா ஒரு கொத்து, மேலே மிதக்கும் செடி ஒரு கை, இவை போதும். நான் போட்ட ஹைட்ரில்லா மூன்றாம் வாரத்தில் மூடியை முட்டியது. அவ்வளவு வேகமாக அது தின்றதெல்லாம் மீன்கள் தின்னாமல் தப்பிய நஞ்சு.

என் தொட்டி மீண்ட வரலாறு சுவாரசியமற்றது, அதனாலேயே சொல்கிறேன். மிஞ்சிய மூன்று மீன்களையும் எடுக்கவில்லை. நான்கு நாள் தீனி இல்லை. வளர்ந்த மீன் ஒரு வாரம் பட்டினி தாங்கும், வீட்டிலுள்ளவர்கள்தான் தாங்கமாட்டார்கள். என் அம்மா இரண்டாம் நாள் இரவு திருட்டுத்தனமாக நாலு குருணை போட்டது மறுநாள் அடியில் கிடந்ததிலிருந்து தெரிந்தது. தினமும் காலை அஞ்சரை லிட்டர் தண்ணீர் வெளியே, அதே அளவு உள்ளே. வாரத்துக்கு ஒருமுறை கல் படுகையில் நான்கில் ஒரு பகுதியை மட்டும் சைஃபன் போட்டேன். மற்ற மூன்று பகுதி அழுக்கோடு கிடந்தது. கண்ணாடியில் முன்பக்கம் மட்டும் துடைத்தேன். பின்பக்கப் பாசியை விட்டுவிட்டேன், அதுவும் தொழிலாளிதான். இரண்டாம் வாரம் அம்மோனியா இறங்கியது, நைட்ரைட் ஏறியது. சோதனைக் குழாயில் திரவம் கத்தரிப்பூ நிறத்தில் நின்றது. கல்லுப்புப் போட்டேன். அந்தக் கத்தரிப்பூ 13 நாள் அசையவில்லை. ஒரு வியாழக்கிழமை காலையில் பார்த்தால் வானநீலம். நடுவில் வெளிறிக்கூட வரவில்லை.

அதன்பிறகு மூன்று வாரம் ஒரு மீனும் வாங்கவில்லை. இதுதான் கடினமான பகுதி. ஏறத்தாழக் காலியான தொட்டியைப் பார்த்து வருகிறவர்களெல்லாம் 'மீன் எங்கே' என்று கேட்பார்கள். இரண்டு அடிக்கு ஒரு அடிக்கு ஒரு அடித் தொட்டியில் வெளிப்புற அளவுக்கு 56 லிட்டர். கல்லும் ஃபில்டரும் போக 48 தேறும். அதில் 12 மீன் வைத்திருந்தேன், அதிலும் மூன்று தங்கமீன். தங்கமீன் ஒவ்வொன்றும் கையளவு வளரக்கூடியது, கழிவும் அதற்கேற்ப. கடைகளில் உருண்டைக் கிண்ணத்தில் ஒற்றைத் தங்கமீனைப் போட்டு விற்பதைப் பார்க்கிறோம். இத்தாலியில் மோன்ஸா நகரம் 2004-இலும் ரோம் 2005-இலும் அந்தக் கிண்ணங்களையே தடை செய்தன. இங்கே பிறந்தநாள் பரிசாகக் கொடுக்கிறோம்.

சில தொட்டிகளை மீட்கக் கூடாது என்பதும் என் கருத்து. பத்து லிட்டர்க் கிண்ணத்தை என்ன செய்தாலும் தங்கமீனுக்கு வீடாக்க முடியாது. மீன்களை இடம் மாற்றிவிட்டு அதில் செடி மட்டும் வளர்க்கலாம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது: எங்கே மாற்றுவது?

'டேங்க் கிளீனர்' என்று விற்கப்படும் சக்கர் மீன் என்னிடமும் ஒன்று இருந்தது. வாங்கும்போது சுண்டுவிரல் நீளம். பாசியைத் தின்று தொட்டியைச் சுத்தம் செய்யும் என்றார்கள். பாசியைத் தின்றது உண்மை. தின்றதைவிட அதிகமாக, இழையிழையாகக் கழிவைப் போட்டுக்கொண்டே இருந்ததும் உண்மை. தென்னமெரிக்க ஆறுகளைச் சேர்ந்த மீன், ஒரு அடியைத் தாண்டி வளரும். இரண்டு அடித் தொட்டியில் அது திரும்புவதற்கே கல்லெல்லாம் புரளும். இந்த நிலைக்கு வந்ததும் பலரும் பாவம் பார்த்து ஏரியில் விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டவை பெருகி, தமிழ்நாடு, ஆந்திரம், கேரளம், வங்காளம் என்று நீர்நிலைகளில் பரவிவிட்டன. கவசம்போன்ற செதிலும் முள்ளும் வலையைக் கிழிக்கின்றன, உள்ளூர் மீன்களுக்கான இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. கரையை வளைதோண்டிக் குடைகின்றன.

ஏரியில் விட மனமில்லாமல், அதை வாளியில் போட்டு ஈரத்துண்டால் மூடி, வாங்கிய கடைக்கே ஆட்டோவில் கொண்டுபோனேன். கடைக்காரர் பேசவில்லை, பின்கட்டைக் காட்டினார். அங்கே சிமென்ட் தொட்டி ஒன்று. குனிந்து பார்த்தேன். அடியில் ஏற்கெனவே பதினொரு சக்கர்கள், எல்லாம் முழங்கை நீளம், ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிக்கிடந்தன. "விடுங்க சார்" என்றார். விட்டேன். முன்கட்டில் ஒரு சிறுவன் தன் அப்பாவின் கையைப் பிடித்திழுத்து, சுண்டுவிரல் நீளத்தில் இருந்த இன்னொன்றைக் காட்டிக்கொண்டிருந்தான்.